கல்லும் கிணறும்

நெடுஞ்சாலை ஓரத்து நிலமொன்றில் எல்லைக்கல்லும் கூப்பிடு தூரத்தில் ஒரு கிணறும் இருந்தன. நிலத்துக்காரர் மாசிலாமணி அங்கே பெட்ரோல் பங்க் வைக்க விண்ணப்பித்தார். நிலத்தின் சாலையோர அகலம் அதற்குப் போதாது என்று போட்டிக்காரர் வழக்குப் போட்டார்.

அன்றிலிருந்து கல்லுக்கு மவுசு. வக்கீலும் சர்வேயரும் அதன் காலடியில் குனிந்து டேப் பிடித்தார்கள்.

"அகலம் போதுமாண்ணே?" என்று கேட்டது கிணறு.

"போதாது. கொஞ்சம் குறையுது."

"அதை இப்பவே சொல்லிடுங்க. பங்க் நிலத்தில் பள்ளம் இருக்கக் கூடாதாம். என்னை மூட கிராவல் லாரி வந்து நிக்குது."

"கோர்ட் கேட்கட்டும், சொல்றேன். கேட்காமல் சொன்னால் எனக்கு என்ன மரியாதை?"

லாரி கொட்டிவிட்டுப் போனது.

பல மழைகளுக்குப் பிறகு தீர்ப்பு வந்தது. அகலம் குறைவு, பங்க்குக்கு இந்த நிலம் தகுதியில்லை.

"தம்பி, பொழைச்சோம்! இனி இங்கே விவசாயம்தான்!" என்று கூவியது கல்.

கிராவலுக்கு அடியில் சத்தமே இல்லை.

மாசிலாமணி மண்வெட்டியோடு வந்தார். கிணறு எங்கே இருந்தது என்று அவருக்கே பிடிபடவில்லை. கல்லிலிருந்து அடிவைத்து அளக்க ஆரம்பித்தார்.