இடது பக்கம் சாயும் படகு

“தனியாத்தானே சார் போறீங்க? அப்புறம் எதுக்கு இவ்வளவு செலவு? இந்த ஃபின் ஒண்ணு போதுமே!”

மெக்கானிக் கையிலிருந்த கறுப்புத் தகட்டைத் திருப்பிக் காட்டினான். அது இரண்டு பக்கமும் இறக்கை விரித்த மாதிரி இருந்தது. “என்ஜினுக்குக் கீழே மாட்டிட்டா, வேகம் எடுக்கும்போது படகு மூக்கைத் தூக்காது. சின்ன வேலை.”

“இல்லப்பா, எனக்கு ட்ரிம் டேப்தான் வேணும்” என்றான் கணவன், மனைவி நின்ற பக்கம் பார்க்காமல். அவளைக் காரிலேயே இருக்கச் சொல்லியிருந்தான். வெயில் தாங்காமல் அவள் கடைக்குள் வந்துவிட்டாள்.

“அது பின்பக்கம் மாட்டுற ரெண்டு தகடு சார். இடதுக்கு ஒரு சுவிட்ச், வலதுக்கு ஒரு சுவிட்ச். ஓடும்போது எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கத் தகட்டை இறக்கினா, படகு நிமிந்துக்கும். உங்களுக்கு எங்க சாயுது?”

“சாயுதுப்பா. இடது பக்கம்.”

மெக்கானிக் தலையைச் சொறிந்தான். “ஸ்டியரிங் இருக்கிறது வலது பக்கம். நீங்க தனியா உக்காந்தா வலது பக்கம்தானே சாயணும்?”

“அது வந்து... பெட்ரோல் டேங்க்...”

“அதைத்தான் போன மாசமே வலது பக்கம் மாத்தச் சொன்னீங்க. நானே மாத்திக் குடுத்தேனே!”

கணவன் மெக்கானிக்கின் தோளில் கை போட்டு மூலைக்கு அழைத்துப்போய், காதில் என்னவோ சொன்னான். மெக்கானிக் அவளை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தான். சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

“புரிஞ்சுது சார். டேப்பே போட்டுடலாம். நான் வாயைத் திறக்க மாட்டேன்.”

கார் கிளம்பியதும் அவள் ஆரம்பித்தாள்.

“அவன்கிட்ட என்ன ரகசியம்?”

“ரகசியமா? பேரம் பேசினேன்.”

“பேரத்தை யாராவது காதுல பேசுவாங்களா?”

“கடையில நாலு பேர் இருக்கும்போது...”

“என்னைத் தவிர ஒரு ஈ காக்கா இல்லை அங்க.”

அவன் ரேடியோவைப் போட்டான்.

அவளுக்குப் படகைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் தராசு தெரியும். கணவன் ஒட்டடைக்குச்சி. வலது பக்கம் அவன் இருந்தும் படகு இடது பக்கம் சாய்கிறதென்றால், பக்கத்து சீட்டில் அவனைவிடக் கனமான யாரோ உட்காருகிறார்கள். ஒல்லியாக ஒருத்தி என்றாலாவது மனசை ஒருமாதிரி தேற்றிக்கொள்ளலாம். இது என்ன கொடுமை!

படகு வாங்கிய புதிதில் ஒரே ஒரு தரம் அவள் அந்த சீட்டில் உட்கார்ந்து ஏரியைச் சுற்றி வந்திருக்கிறாள். இறங்கியதும் நாத்தனார் கைகொட்டிச் சிரித்தாள். “அண்ணி உக்காந்தா படகே குனிஞ்சு கும்பிடு போட்டுக்கிட்டு ஓடுது!” நல்லவேளை, கணவன் அப்போது கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அவன் காதில் விழுந்திருக்காது. அதன்பின் அவன் எத்தனை கெஞ்சியும், “தண்ணின்னா எனக்கு பயங்க” என்று சொல்லித் தட்டிக்கழித்துவிட்டாள். கொஞ்ச நாளாக அவன் கூப்பிடுவதும் இல்லை.

காலியாகக் கிடக்கிற இடத்தில் யாராவது வந்து உட்காரத்தானே செய்வார்கள்?

சனிக்கிழமை சாப்பிடும்போது சும்மா கேட்டுப் பார்த்தாள். “நாளைக்கு நானும் படகுல வரட்டுமா?”

அவனுக்குப் புரையேறியது. “நாளைக்கா? வேண்டாம்மா! அடுத்த வாரம் பாக்கலாம்.”

“ஏன், நாளைக்கு வேற யாராவது வர்றாங்களா?”

“சேச்சே! யாரு வரப்போறாங்க?” என்று தண்ணீர் டம்ளருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

அவளுக்கு அதற்குமேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. மறுநாள் அவன் தலை மறைந்ததும் பெட்டியில் துணிகளை அடுக்கி வாசலில் வைத்தாள். அம்மாவுக்குப் போன் செய்து அறையைக் கூட்டி வைக்கச் சொன்னாள். “என்னடி ஆச்சு?” என்ற கேள்விக்கு, “கண்ணால பாத்துட்டு வந்து சொல்றேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு ஏரிக்குக் கிளம்பினாள்.

படகுத்துறையில் யாரும் இல்லை. தூரத்தில் அவர்களுடைய வெள்ளைப் படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தது. வலது பக்கம் கணவன். இடது பக்கம், மஞ்சள் லைஃப் ஜாக்கெட்டில் அகலமாக ஒரு உருவம்.

அது அவளுடைய ஜாக்கெட். அவள் அளவுக்கென்று கடைக்காரனிடம் சொல்லி வரவழைத்தது. அதையே எடுத்துக் கொடுத்திருக்கிறான்! படகு இப்போது துளிகூடச் சாயவில்லை. நூல் பிடித்த மாதிரி நிமிர்ந்து ஓடியது. எல்லாம் அந்த மகாராணி சொகுசாக உட்கார்ந்து வருவதற்குத்தான்!

படகு நெருங்கியதும் அவள் கத்தினாள். “யாருங்க அது? என் ஜாக்கெட்டை யாருக்குப் போட்டு விட்டிருக்கீங்க?”

கணவன் திகைத்துப்போய் என்ஜினை அணைத்தான். “நீ எங்க இங்க?”

“முதல்ல அவளை இறங்கச் சொல்லுங்க! மூஞ்சியைப் பாக்கணும்.”

“இறங்க மாட்டா. நான்தான் தூக்கணும்” என்றான் அவன், தலையைக் குனிந்துகொண்டு.

படகு மெல்ல மிதந்து வந்து துறையில் உரசி நின்றது. இடது சீட்டில், மஞ்சள் ஜாக்கெட்டின் வார்கள் இறுக்கிப் பிடித்திருந்தன, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய இரண்டு மணல் மூட்டைகளை.

“உன் எடைக்கு எடை மணல் கட்டி, ரெண்டு மாசமா பக்கத்துல வச்சு ஓட்டிப் பாத்துட்டு இருக்கேன்” என்று அசடு வழிந்தபடி அவன் கையை நீட்டினான். “இன்னிக்குத்தான் சரியாச்சு. வா, ஏறு. இனிமே இது யாருக்கும் கும்பிடு போடாது.”