பதினொரு ரவைகள்

சாக்கு விரிப்பில் அவள் முன்னால் பதினொரு துப்பாக்கி ரவைகள் கிடந்தன.

எல்லாவற்றின் அடியிலும் துவக்கின் ஊசி குத்திய பள்ளம். ஒன்றும் வெடித்திருக்கவில்லை.

“என்னெண்டு பாருங்கோ அக்கா,” என்றாள் நிறைமதி. சண்டை முன்னரங்கிலிருந்து நடந்தே வந்திருந்தாள். இடது கையில் கட்டு.

காட்டுக்குள் தறப்பாள் போட்ட கொட்டில். சுட்டு முடிந்த வெற்றுக் கோதுகள் சாக்குகளில் வரும். அவள் கழுவிக் காயவைத்து, புது மருந்து அடைத்து அனுப்புவாள். அடைக்கும் அச்சில் ஒரு துளி எண்ணெய் நிற்கக்கூடாது. எண்ணெய் பட்ட மருந்து பற்றாது. புதிதாக வருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுப்பவளே அவள்தான்.

குறட்டால் ஒரு ரவையின் முனையைப் பிடுங்கினாள். கடதாசியில் கவிழ்த்தாள்.

மருந்து கடுகுபோல உருண்டு விழவேண்டும்.

தட்டினாள். கட்டியாக வந்தது.

மணந்தாள். தையல் மெஷின் எண்ணெய்.

போன கிழமை அடைமழை. அவளுக்குக் காய்ச்சல். துருப்பிடிக்காமலிருக்க அச்சுக்கு எண்ணெய் பூசிவிட்டுப் படுத்தாள். விடிந்ததும் அவசரமென்று ஆள் வந்து நின்றது. துடைத்தாள்தான். ஒரே ஒரு தரம்.

இன்னொன்றைப் பிடுங்கினாள். அதுவும் கட்டி.

“ஆரின்ர ரவை இது?”

“அருங்குயிலின்ர.” நிறைமதி வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள். “ஒவ்வொண்டா மாத்தி மாத்தி அடிச்சுப் பாத்திருக்கிறாள். அவங்கள் கிட்ட வந்து சுடும்வரைக்கும்.”

அருங்குயிலுக்குப் பத்தொன்பது வயது. போன மாதம் இந்தக் கொட்டிலில் இருந்துதான் தலை பின்னிக்கொண்டு போனாள்.

மழை ஈரம் என்று சொல்லிவிடலாம். யாரும் திருப்பிக் கேட்கப்போவதில்லை.

வாய்வரைக்கும் வந்தது.

“எண்ணெய்,” என்றாள். “நான்தான் வடிவாத் துடைக்கேல்ல.”

நிறைமதி அவளுடைய கைகளையே பார்த்தபடி நின்றாள். அடிக்கப்போகிறாள் என்று அவள் நினைத்தாள். அடித்தால் நல்லது என்றும் இருந்தது.

நிறைமதி வெளியே போனாள். ஒரு சாக்கை ஒற்றைக் கையால் இழுத்துவந்து போட்டாள். உள்ளே கோதுகள் கலகலத்தன.

“பின்னேரத்துக்குள்ள முந்நூறு வேணும். வேற ஆளில்லை அக்கா.”

அவள் துணியை எடுத்தாள். விரல் வெளுக்கும்வரை அச்சைத் துடைத்தாள். அடைக்கத் தொடங்கினாள்.

முதல் முப்பதும் அடைத்து முடிந்ததுமே நிறைமதி கை நீட்டினாள்.

வாங்கியவற்றை அனுப்பும் பெட்டியில் போடவில்லை. எதிரே குந்தியிருந்து, தன் துவக்கின் மகசினுக்குள் ஒவ்வொன்றாகத் தள்ளினாள்.