காக்கை தொடாத இலை

"இன்னொரு தடவ கூப்பிடுங்கப்பா. காக்காய்க்குக் காது கேக்கலையாட்ட இருக்குது."

மகள் நிலா சொன்னதும், ஜீவா மொட்டை மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பத்தாவது தடவையாக "கா... கா..." என்று கத்தினான். தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்திருந்த காக்கை கழுத்தைச் சாய்த்து இலையைப் பார்த்தது. கேரட், வெள்ளரிக்காய், கொத்தமல்லித் தழை. அவ்வளவுதானா என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"மெதுவாக் கூப்பிடுங்க. கீழ சௌந்திரம் அக்காவுக்குக் கேட்டுறப் போகுது" என்றாள் மனைவி சித்ரா, பாதி அழுகையும் பாதி பயமுமாக.

லட்டு செத்து இன்றோடு மூன்றாம் நாள். லட்டு என்பது அவர்கள் வீட்டுக் கினிப் பன்றி. வெள்ளையும் பழுப்புமாக, முயலுக்கும் எலிக்கும் நடுவில் ஏதோ ஒன்று. மூன்று வருஷம் வளர்த்தார்கள். மூன்று வருஷமும் ஒளித்து வளர்த்தார்கள்.

பள்ளிபாளையத்தில் கீழ்த்தளத்தில் தன் வீட்டை ஒட்டிய அந்த வீட்டை வாடகைக்கு விடும்போதே சௌந்திரம் அக்கா கறாராகச் சொல்லிவிட்டார்: "நாய், பூனை, கிளி, கோழி ஒண்ணும் ஆகாது. கண்ணுல பட்டா அன்னைக்கே காலி பண்ணிக்கோணும்."

அந்தப் பட்டியலில் கினிப் பன்றி இல்லைதான். ஆனால் பெயரிலேயே பன்றியை வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு போய் விளக்கம் கேட்பது? பள்ளிக்கூடம் பக்கத்திலேயே, தினமும் காவிரித் தண்ணீர். அப்படியொரு வீட்டை விட யாருக்கு மனசு வரும்? நல்லவேளையாக, அடுத்த சந்தில் தறி ஓடும் சத்தத்தில் லட்டு போடும் விசில் அமுங்கிப் போனது.

"தாத்தாவுக்குப் படையல் போட்டப்ப நீங்கதானப்பா சொன்னீங்க, காக்கா தொடலைன்னா போனவங்களுக்கு ஏதோ கொறை இருக்குதுன்னு. லட்டுவுக்கு நம்ம மேல என்னப்பா கொறை?" நிலாவின் உதடு துடித்தது.

ஜீவா கேரட்டை இலையின் நடுவுக்கு நகர்த்தி வைத்தான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே விசிலடித்து வரவேற்கிற ஜீவன் இனி இல்லை. காவிரிக் கரையில் புதைத்துவிட்டு வந்ததிலிருந்து வீட்டுக்குள் நுழையவே அவனுக்குப் பிடிக்கவில்லை. போனது போய்விட்டது, மனக்குறையோடு போயிருக்க வேண்டாம் என்று நிஜமாகவே வேண்டிக்கொண்டான்.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. மிளகாய் முறத்தோடு சௌந்திரம் அக்கா வந்து நின்றார்.

"ஏந்தம்பி, யாருக்குப் படையல்?"

"எ... எங்க சித்தப்பாவுக்குங்க்கா."

"அடடா, ஒரு வார்த்தை சொல்லவே இல்லியே!" முறத்தை இறக்கிவைத்துவிட்டு இலையைக் குனிந்து பார்த்தார். "பச்சக் கேரட்டும் கொத்தமல்லியுமா? ஒரு வடைகூடக் கெடையாதா அம்மிணி?"

"சக்கரை வியாதிங்க்கா" என்றாள் சித்ரா சட்டென்று. "கடைசி வரைக்கும் பச்சையாத்தான் சாப்பிட்டாருங்க."

"பாவம். என்ன வயசு?"

"மூணு" என்றாள் நிலா.

"அறுபத்தி மூணுங்க்கா" என்று ஜீவா முட்டுக்கொடுத்தான்.

"நம்ம ஊட்டுக்கு வந்திருக்காரா? நான் பாத்ததே இல்லியே."

"வந்திருக்காருங்க. கூச்ச சுபாவம். ரூமை விட்டு வெளிய வரமாட்டாரு" என்றான் ஜீவா.

"பெரிய மீசைங்க பெரிம்மா" என்றாள் நிலா கண்ணீருக்கு நடுவே.

"நல்ல மனுசனா?"

"தங்கமானவருங்க்கா. இத்தனை வருசத்துல ஒருத்தரையும் கடிச்சதில்ல." சொன்ன பிறகுதான் ஜீவாவுக்கு உறைத்தது. சித்ரா அவனை முறைத்த முறைப்பில் மிளகாயே தேவலை என்றிருந்தது. "அதாவது... கோவப்பட்டதில்லைங்க."

அக்கா மறுபடியும் இலையைக் குனிந்து பார்த்தார். அதற்குள் நிலா தாங்க முடியாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள். "காக்கா தொடவே மாட்டேங்குதுங்க பெரிம்மா. அப்படியே கொறையோட போயிருவாருங்களா?"

"அழுவாத சாமி. போனவங்களுக்குப் புடிச்சத வெக்காம காக்காயக் கூப்பிட்டா எப்படி வரும்? இரு, வாரேன்."

மிளகாயை அப்படியே விட்டுவிட்டு அக்கா விடுவிடுவென்று கீழே இறங்கினார்.

"போச்சு" என்றாள் சித்ரா. "சந்தேகம் வந்துருச்சு. நேரா நம்ம ஊட்டுக்குள்ள போய்ப் பாக்கத்தான் போறாங்க. கூண்டு அங்கயேதான் இருக்குது. முதல்ல இந்த இலையை எடுங்க."

"படையலைப் பாதியில எடுக்கறதா? அவன் என்ன நெனப்பான்?"

அவர்கள் மாறி மாறிக் கிசுகிசுத்து முடிப்பதற்குள் அக்கா மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். முந்தானையில் கட்டி எடுத்து வந்ததை ஒரு கை அள்ளி இலையின் நடுவில் வைத்தார். பொரி. ஜீவா வாயைத் திறப்பதற்குள் காக்கை தொட்டியிலிருந்து விருட்டென்று இறங்கிக் கொத்த ஆரம்பித்தது. சத்தம் கேட்டு இன்னும் இரண்டு வந்தன.

நிலா குதித்துக் கைதட்டினாள். சித்ரா கண்ணை மூடிக் கும்பிட்டாள்.

"அவருக்குப் பொரி புடிக்கும்னு எங்களுக்கே தெரியாதே, உங்களுக்கு எப்படிங்க்கா தெரியும்?" என்று கேட்டான் ஜீவா.

சௌந்திரம் அக்கா மீதிப் பொரியையும் இலையில் உதறினார். முந்தானையால் மூக்கைத் துடைத்தார்.

"நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போனதும் ஊட்டுக்குப் பின்னால பொடக்காலிப் பக்கமா வந்து ஜன்னல்கிட்ட நிப்பேன் தம்பி. மூணு வருசமா ஒரு நாள் தப்பாம, கம்பி வழியா என் கையிலதான் வாங்கித் தின்னான் உங்க சித்தப்பன்."