கதவு!

"குஸ்தி விரிப்புல ஒரு தடவைகூடப் புரளாதவங்க எப்படிம்மா கோச்சா இருக்க முடியும்?"

கேட்டுவிட்டுச் சங்கச் செயலாளர் பக்கத்தில் நின்ற சாம்பியனைப் பெருமையோடு பார்த்தார். நாளையிலிருந்து புது கோச் அவர்தான் என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது. சாம்பியன் கழுத்தில் மெடல் எதுவும் தொங்கவில்லை. ஆனால் நின்ற தோரணை முழுக்க மெடல்தான்.

"புரளலைன்னு சொல்லாதீங்க சார். புரள விடலைன்னு சொல்லுங்க" என்றாள் இப்போதைய கோச். "எங்க காலத்துல பொம்பளைங்களுக்கு இந்த ஹாலுக்குள்ளயே இடம் கிடையாது. அதோ, அந்த ஜன்னலுக்கு வெளியே நின்னு பார்த்தே கத்துக்கிட்டேன். என் பசங்க ஜெயிச்சாங்களா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க."

சுவரோரம் வேர்வை வழிய நின்ற கூட்டத்திலிருந்து கட்டையன் குரல் கொடுத்தான். "அக்கா போனா நாங்களும் போயிடுவோம்!"

"நீ சும்மா இருடா. எனக்கு வாய் இல்லையா?"

சாம்பியன் சிரித்தார். "இந்த அம்மாவை நான் இன்னிக்குத்தான் பாக்கிறேன். மரியாதைக் குறைவா பேச விரும்பல. ஆனா எதிராளி காலைப் பிடிக்க வந்தா 'கதவு'ன்னு கத்துவீங்களாமே? கதவாம், ஜன்னலாம்! எத்தனை நாட்டுல ஆடியிருக்கேன், இப்படி ஒரு பேரை எங்கேயும் கேட்டதில்லை."

"கேட்டிருக்க முடியாது. அது நான் வெச்ச பேரு. ரெண்டு காலையும் பின்னால வீசிட்டு, வர்றவன் முதுகுல நெஞ்சை வெச்சுச் சாத்தணும். கதவைச் சாத்துற மாதிரி."

"சாருக்குப் பாடமா?" செயலாளருக்குக் கோபம் வந்துவிட்டது. "இதே ஹால்ல, குருன்னு ஒருத்தரும் இல்லாம தானா வளர்ந்தவரும்மா அவர். பேப்பர்லயே வந்திருக்கு!"

சாம்பியன் அடக்கமாகத் தலையசைத்தார். கோச்சின் பார்வை அந்த ஜன்னல் பக்கம் போய்த் திரும்பியது.

"பேச்சு எதுக்கு?" சாம்பியன் சட்டையைக் கழற்றிவிட்டு விரிப்பில் ஏறினார். "டேய் கட்டையா, வா. உங்க அக்கா சொல்லிக்கொடுத்ததை எல்லாம் காட்டு, பாப்போம்."

இருவரும் எதிரெதிரே குனிந்து நின்றார்கள். செயலாளர் ஏதோ தமாஷ் சொன்னார். சாம்பியன் சிரித்துக்கொண்டே அந்தப் பக்கம் திரும்பினார். கட்டையனுக்கு அது போதாதா? அவர் கால்களைக் குறிவைத்துப் பாய்ந்தான்.

"கதவு!"

கோச் போட்ட சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

கட்டையன் பக்கம் பார்வை வருவதற்கு முன்பே சாம்பியனின் இரண்டு கால்களும் பின்னால் பறந்தன. கட்டையனின் முதுகில் அவர் நெஞ்சு வந்து சாத்தியது.

செயலாளர் திறந்த வாயை மூட மறந்து நின்றார். கட்டையன் மேல் கவிழ்ந்து கிடந்த சாம்பியன் தலையை நிமிர்த்தவே இல்லை.

கோச் விரிப்பின் ஓரத்துக்கு வந்து இடுப்பில் கை வைத்துச் சாம்பியன் பக்கம் குனிந்தாள்.

"அன்னிக்கு ஜன்னல்ல நின்னு உனக்குத் தொண்டை கிழியச் சொல்லிக்கொடுத்தேனே, தம்பி. இடது கால் இன்னும் லேட்டாத்தான் வருது."