டிராக்டர் மறைத்த வீடு

அன்றும் அந்தச் சிவப்பு டிராக்டர் இடிந்த வீட்டுக்கு நேர் முன்னால்தான் நின்றது.

ஜோசலின் கேமராவை இறக்கி வைத்துவிட்டு ஈரப் புல்லிலேயே உட்கார்ந்தாள். ஐம்பது வயதுக்கு மேல் இங்கிலாந்தின் இந்த யார்க்‌ஷயர் மேட்டில் சுமையோடு ஏறுவது லேசில்லை.

ஒரு பழைய காதல் நாவலில் வரும் வீடு இதுதான் என்று ஊர் உலகமெல்லாம் நம்புகிறது. கூரை போன சுவர், காற்றில் சாய்ந்த மரங்கள், சுற்றிலும் ஊதாப் புதர். காலண்டர் கம்பெனிக்காரர்கள் அட்டைக்கு இந்தப் படம்தான் வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். வாரம் முழுக்க ஏறி இறங்குகிறாள். முதலில் மழை, அப்புறம் பனிமூட்டம். வெயில் வந்தால் டிராக்டர். அதன் பின்னால் வைக்கோல் ஏற்றிய வண்டி வேறு.

டிராக்டர்க்காரர் வில்ஃப்ரெட், அங்கே ஆடு வளர்ப்பவர். நேற்று நகர்த்தச் சொன்னதற்கு இன்ஜின் கோளாறு என்றார். ஆனால் சாயங்காலம் அதையே ஓட்டிக்கொண்டு அவளைத் தாண்டிப் போனார். கீழே டீக்கடையில் விசாரித்தால், படம் எடுக்க வருகிறவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது என்றார்கள்.

இன்று அவள் விடுவதாக இல்லை. நேரே அவரிடம் போனாள்.

"இன்னைக்கும் இன்ஜின் கோளாறுதானா?"

"ஆமாம்மா." பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டே சொன்னார்.

"நேத்து நல்லாத்தானே ஓடுச்சு?"

"அதுக்கு மனசு வந்தா ஓடும்."

அவள் வண்டியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போகப் பார்த்தாள். வில்ஃப்ரெட் எழுந்து வந்து வழியை மறித்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வேணா எட்டிப் பாருங்க. கேமரா மட்டும் வேண்டாம்."

பார்த்தாள். சுவரோரம் வயதான ஒருவர் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு சாம்பல் கலசம். அதை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார்.

"அதுல இருக்கிறது அவரு சம்சாரத்தோட அஸ்தியம்மா. அந்தக் கதைன்னா அவங்களுக்கு உசிராம். இங்கதான் தூவணும்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. இவரு தினம் வர்றாரு, மனசு கேக்காம அப்படியே திரும்பிப் போயிடறாரு. போன வருஷம் ஒரு பொண்ணு இதே மாதிரி உக்காந்து அழுதா. எவனோ படம் புடிச்சு ஊரெல்லாம் பரப்பிட்டான். பாவம், அப்புறம் அவ இந்தப் பக்கமே வரல."

ஜோசலின் கேமராவைப் பைக்குள் வைத்து மூடினாள். மேட்டிலிருந்து இறங்க ஆரம்பித்தாள்.

பாதி வழியில் நாலைந்து பேர் கேமராவும் கையுமாக ஏறி வந்தார்கள். அந்த வீடு நன்றாகத் தெரிகிறதா, வெளிச்சம் எப்படி என்று கேட்டார்கள்.

"இன்னைக்கு அங்க சரிப்படாதுங்க. அருவிப் பக்கம் அழகா இருக்கு. வாங்க, நானே காட்டறேன்."

அருவி எதிர்த்திசையில் இருந்தது. அதற்கு இன்னொரு மேடு ஏற வேண்டும். அவள்தான் முன்னால் நடந்தாள்.