பை வைத்த இடம்

"புகார் உங்க வகுப்புலேருந்துதான் வந்திருக்கு, டீச்சர். அதான் எனக்குச் சங்கடமா இருக்கு."

தலைமையாசிரியை குரலை உயர்த்தவில்லை. அதுவே கணக்கு டீச்சருக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பிள்ளைகள் ஒருவரோடொருவர் பிரியமாகப் பழக வேண்டும் என்று அந்தப் பள்ளியில் ஆரம்பித்த அன்புக் குழுவுக்கு அவள்தான் தலைவி. 'இங்கே யாரும் தனி இல்லை' என்று வாசல் பலகையில் எழுதியதும் அவள்தான்.

எதிரே உட்கார்ந்திருந்த புது மாணவியின் அம்மா கைக்குட்டையைக் கசக்கினாள்.

"இப்பதாங்க சேர்த்தோம். ஸ்கூலுக்குக் கிளம்புன்னாலே வயித்த வலிக்குதுங்கிறா. சாப்பாடு அப்படியே திரும்பி வருது. என்னடின்னு கேட்டா, பக்கத்துல உக்காரவே விட மாட்டேங்கிறாங்கம்மான்னு ஒரே அழுகை."

"நான் பாத்துக்கறேம்மா" என்றாள் டீச்சர். அந்த அம்மாவின் முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

மதிய இடைவேளையில் சத்தம் காட்டாமல் போய் வகுப்பு ஜன்னலோரம் நின்றாள்.

புது மாணவி சாப்பாட்டு டப்பாவோடு பெஞ்சை நெருங்கினாள். வகுப்பு லீடர் சட்டென்று தன் பையைத் தூக்கிக் காலி இடத்தில் வைத்தாள். பேச்சு பட்டென்று நின்றது. புது மாணவி ஓரமாகப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். இந்தப் பக்கம் யாரோ என்னவோ கிசுகிசுக்க, கொல்லென்று ஒரு சிரிப்பு.

டீச்சருக்கு உடம்பு கூசியது. அதிலும் இந்த லீடரா! அதிர்ந்து பேசத் தெரியாத பெண். எல்லோருடைய நோட்டுகளையும் தினமும் ஸ்டாஃப் ரூமுக்குச் சுமந்து வருபவள். டீச்சரின் செல்லம் வேறு.

விறுவிறுவென்று உள்ளே போனாள்.

"வெக்கமா இல்ல உங்களுக்கு? உங்களால நான் அந்தம்மா முன்னாடி தலைகுனிஞ்சு நின்னேன். யார்கிட்ட கத்துக்கிட்டீங்க இதையெல்லாம்?"

லீடரின் கண்கள் நிறைந்துவிட்டன.

"சும்மா விளையாட்டு, டீச்சர்."

"ஒருத்திய அழவைக்கிறது விளையாட்டா?"

"இவ அழுவான்னு தெரியாது, டீச்சர். அவங்க அழுததே இல்லையே..."

"எவங்க?"

லீடர் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இது ஸ்டாஃப் ரூம் விளையாட்டு, டீச்சர். இவதான், புதுசா வந்திருக்காங்களே, அந்த சயின்ஸ் டீச்சர்." மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தரையைப் பார்த்தபடியே மீதியைச் சொன்னாள்.

"நான்தான் நீங்க."