நொடியில் ஏறும் பதிவு

எந்தப் பொந்து யாருக்குச் சொந்தம் என்று பதிய அணில் ஒரு செயலி உருவாக்கியது. அந்தச் செயலி ஓடிய பிளாக்செயின் என்ற பொதுப் பதிவேட்டில் நூறு காக்கைகள் சரிபார்த்தால்தான் ஒரு பதிவு ஏறும். அதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

“என் பிளாக்செயினுக்கு வா தங்கச்சி. நொடியில் ஏறும், கட்டணமும் சல்லிசு” என்றது மரநாய்.

அணில் ஆசையாய் மாறியது. ஒரே காலையில் நாற்பது பதிவுகள்! பெருமையோடு வீடு திரும்பினால், அதன் பொந்தில் வேறொரு மரநாய் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. பதிவிலும் அந்த மரநாயின் பெயர்தான்.

“யாரண்ணே இதைச் சரிபார்த்தது?” என்று, பொந்து வாசலில் நின்ற முதல் மரநாயிடம் பதறியது அணில்.

“நான், என் தம்பி, உள்ளே தூங்குகிற என் மச்சான். மூன்றே பேர். இவ்வளவு வேகம் வேறெப்படி வரும்?”

“என் வீட்டை என் பேருக்கே மாற்றுங்கள்!”

“அதுவும் நொடி வேலைதான் தங்கச்சி. மச்சான் எழுந்து சம்மதிக்கட்டும்.”